மிச்சச் சீட்டு

“அண்ணே, அந்தக் கடை எந்த ஊர்ல இருக்கு? ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துரலாமே!” என்றாள் என் தங்கை.

பங்குனிப் பொங்கலுக்காக எம்.ரெட்டியபட்டிக்குப் போயிருந்தேன். மிளகாய் வற்றல் விற்றுக் கொண்டிருந்த சமயம். கரிசல் காட்டு மானாவாரி வெள்ளாமையில் கையில் காசு புரளுகிற மாதங்கள் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான். வற்றல் விற்ற பணத்தைத் தங்கை பாங்கியில் போட்டு வைத்திருந்தாள். அடகுக் கடையில் இருக்கும் கம்மலைத் திருப்ப வேண்டும் என்று அதை எடுக்கப் போனால், கணக்கில் 6,340 ரூபாய் குறைகிறது. திருடன் யாரும் வரவில்லை. 29 ரூபாய், 79 ரூபாய், 159 ரூபாய் என்று சில்லறை சில்லறையாக ஐம்பது தடவை போயிருக்கிறது. அனுப்பியவன் அவளுடைய மகன், வயது 13.

பையன் போனில் சண்டை விளையாட்டு ஒன்று ஆடுகிறான். விளையாட்டு இலவசம்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு பெட்டி வரும். காசு கட்டினால் அது திறக்கும். உள்ளே என்ன இருக்கும் என்பது திறக்கும்வரை தெரியாது. பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத சாமான்தான் இருக்கும். எப்போதாவது ஒரு முறை, துப்பாக்கிக்குப் போடுகிற பளபளப்பான சட்டை ஒன்று கிடைக்கும். சுடுவதற்கு அது உதவாது; விற்கவும் முடியாது; பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள், அவ்வளவுதான். இதற்கு ‘லூட் பாக்ஸ்’ என்று பெயர். கொள்ளைப் பெட்டி என்று தமிழில் சொல்லலாம். கொள்ளையடிப்பவர் யார் என்பதைப் பெயர் வைத்தவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை.

என் தங்கைக்கு இதெல்லாம் விளங்கவில்லை. சாமான் விற்றவன் இருக்கிறான், வாங்கினவன் இருக்கிறான். ஆகவே நடுவிலே ஒரு கடை இருக்க வேண்டும், அங்கே போய் நியாயம் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் கட்சி. அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தாயார் ஞாபகம் வந்துவிட்டது. அவள் அப்படிப் போய்க் கேட்டவள்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் மாவட்டத்துக்கு அப்போது காமராசர் மாவட்டம் என்று பெயர். ஊரிலிருந்த பெட்டிக் கடை ஒன்றில், வாழைத் தாருக்குப் பக்கத்தில், பரிசு அட்டை ஒன்று தொங்கும். இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த அட்டையை வர்ணிக்கத் தேவையில்லை. மடித்து ஒட்டிய 100 சீட்டுகள் அதில் இருக்கும். நாலணா கொடுத்தால் ஒன்றைக் கிழிக்கலாம். உள்ளே இருக்கும் எண்ணுக்கு உரிய சாமானை எடுத்துக் கொள்ளலாம். மோதிரம், ஊதல், பலூன், மிட்டாய். இவற்றுக்கெல்லாம் மேலே, கண்ணாடித் தாளுக்குள் ஒரு கைக்கடிகாரம். அதற்கு எண் 7. அந்த ஏழாம் எண்ணுக்காகத் தாயாரின் சுருக்குப் பையிலிருந்து நான் எடுத்த நாலணாக்களை எண்ணிச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னிடம் 22 மோதிரங்கள் இருந்தன.

மோதிரங்கள்தாம் என்னைக் காட்டிக் கொடுத்தன. தாயார் என்னை அடிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு கடைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, அட்டையில மிச்சம் எத்தனை சீட்டு இருக்கு?”

“முப்பத்தேழு இருக்கும் தாயி. ஏன் கேக்க?”

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்பதேகால் ரூபாயை எண்ணி வைத்தாள். ஒரு நாள் களையெடுப்புக் கூலிக்கு அது சமமாக இருக்கலாம். “மிச்சத்தையும் கிழிங்க” என்றாள்.

“சின்னப்பிள்ளை விளையாட்டுக்குப் போயி...” என்று கடைக்காரர் இழுத்தார். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். கிழித்தார். முப்பத்தேழையும் கிழித்தார். ஏழாம் எண் அதில் இல்லை! அதை முன்னதாகவே எடுத்து வைத்துக் கொண்டுதான் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார் என்பது ஊருக்கே வெளிச்சமாகிவிட்டது. கடைக்காரர் கடிகாரத்தை எடுத்து நீட்டினார். தாயார் அதைத் தொடவில்லை. தன் ஒன்பதேகால் ரூபாயைத் திரும்ப எடுத்துக் கொண்டாள். அன்று மாலை அட்டை காணாமல் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு அடி விழுந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த அற்ப விஷயத்தை ஏன் இவ்வளவு விஸ்தாரமாக எழுதுகிறேன் என்றால், நமது நாட்டுச் சூதாட்டச் சட்டங்களின் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தபோது, என் தாயார் கேட்ட கேள்வியை நமது சர்க்கார்களோ கோர்ட்டுகளோ வெகு காலம் கேட்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

சூது நமக்குப் புதிதல்ல. தருமர் நாட்டைத் தோற்ற கதையும் நளன் காட்டுக்குப் போன கதையும் தெரியாத கிராமம் கிடையாது. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் அதைச் சட்டத்தில் எழுதித் தண்டிக்கிற வேலையை வெள்ளைக்காரர்கள்தாம் விரிவாகச் செய்தார்கள். வட இந்தியப் பகுதிகளுக்கு 1867-இல் ஒரு சட்டம் செய்தார்கள். சென்னைப் பட்டணத்துக்கு 1888-இல் போலீஸ் சட்டம் வந்தது. எங்கள் ஊர் போன்ற வெளியூர்களுக்கு 1930-இல் சென்னைச் சூதாட்டச் சட்டம் வந்தது. இதில் ஒரு வேடிக்கை: மூன்றுமே அந்தந்த ஆண்டின் மூன்றாம் எண் சட்டங்கள். மூணு சீட்டைப் பிடிப்பதற்கு மூன்றாம் எண்ணைத் தேடிப் பிடித்தார்கள் போலிருக்கிறது!

1930-ஆம் வருஷத்துச் சட்டம் முக்கியமாக இடத்தைத்தான் பார்த்தது. வீடு, அறை, கூடாரம், அடைப்பு, வண்டி, படகு என்று வரிசையாக எண்ணி, எந்த இடமானாலும் சரி, சீட்டையும் காயையும் வைத்து அதன் சொந்தக்காரன் லாபம் பார்த்தால் அது பொதுச் சூதாட்ட விடுதி என்று சொல்லிற்று. வெறும் திறமையால் ஆடுகிற ஆட்டங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. கண்மாய்க் கரைக் கருவேல மரத்தடியில் துண்டை விரித்துச் சீட்டாடுகிறவர்கள் போலீஸ்காரரைக் கண்டதும் ஓடுகிற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். துண்டு ஒன்று மாத்திரம் சாட்சியாகக் கிடக்கும்.

விலக்கு என்று ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தார்கள் அல்லவா? பின்னால் வந்த வழக்குகளெல்லாம் அந்தக் கதவின் வழியாகத்தான் நுழைந்தன. ‘இது திறமையா, அதிர்ஷ்டமா?’ என்பதே கேள்வியாகிவிட்டது. பத்திரிகை வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. பத்திரிகைகள் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் ஒரு காலத்தில் ஜனங்களைப் பைத்தியமாக அடித்தன. 1955-இல் பார்லிமெண்டு பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டு வந்தது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, 2,000 விண்ணப்பங்களுக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. பெங்களூரிலிருந்து குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சாமர்பாக்வாலா என்பவரின் வழக்கில் 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. திறமை மிகுந்த போட்டி வியாபாரம். சூதாட்டம் வியாபாரமே அல்ல, அரசியல் சட்டம் வியாபாரத்துக்குத் தரும் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்பது அதன் சாரம். தருமபுத்திரரின் கதையை நீதிபதிகளும் அதில் ஞாபகப்படுத்தினார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1967-இல், செகந்தராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்களின் வழக்கு வந்தது. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மி அப்படியல்ல, எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக் கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே திறமை ஆட்டம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. தமிழ்நாட்டு அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-இல் அதே கோர்ட்டு, குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று சொல்லிவிட்டது. குதிரையின் திறமை பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. பந்தயம் கட்டித் தோற்றவர்களின் திறமையைப் பற்றி அவரவர் மனைவிமாரிடம் விசாரித்திருக்கலாம்.

இதற்கு நடுவே சர்க்காரே கடை போட்டதும் உண்டு. 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, பரிசுச் சீட்டுத் திட்டம் ஆரம்பமாயிற்று. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சீட்டு வாங்கும் பழக்கம் சர்க்கார் சீட்டோடு நிற்கவில்லை. வெளி மாநிலச் சீட்டுகள் வந்தன. பிறகு ‘ஒற்றை எண்’ வந்தது. கடைசி இலக்கம் ஒன்றைப் பிடித்தால் போதும், அன்றைக்கே முடிவு தெரியும். அருப்புக்கோட்டையில் தறி நெய்து கொண்டிருந்த என் சித்தப்பா, வாரக் கூலியைக் கையில் வாங்கினால் வீட்டுக்கு வரும் வழியில் லாட்டரிக் கடை இருந்தது. வீடு அதற்கு அப்பால் இருந்தது. இதைவிட அதிகமாக நான் சொல்ல வேண்டியதில்லை. 1998-இல் மத்திய சர்க்காரின் லாட்டரிச் சட்டம் ஒற்றை எண்ணைத் தடுத்தது. காகிதத்தில் தடுத்தது, கடையில் நடந்து கொண்டுதான் இருந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதாவின் அரசு தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையையே நிறுத்திய பிறகுதான் அந்தக் கடைகள் மூடின. அவற்றில் பலவற்றில் பிற்பாடு செல்போன் விற்றார்கள். விதி என்று சொல்வதா, வேறு என்ன சொல்வது?

போன் வந்த பிறகு நடந்தவை எல்லாரும் அறிந்தவை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்லைன் ரம்மியில் பணத்தையும் சில இடங்களில் உயிரையும் விட்டவர்களின் செய்திகள் பெருகவே, 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதன் பின் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டு 3-ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2022-இல் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சட்டசபை புது மசோதா நிறைவேற்றியது, கவர்னர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேறியது, ஏப்ரலில் சட்டமாயிற்று. நவம்பரில் ஹைக்கோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை அதிர்ஷ்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. பழைய கதவு மறுபடியும் திறந்தது. அரசு வேறு வழி பார்த்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுக்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று விதி செய்தது. 2025 ஜூன் 3-ஆம் தேதி ஹைக்கோர்ட்டு அதை ஒப்புக் கொண்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரே போடாகப் போட்டது. ஆகஸ்டு 22-இல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் விளையாட்டு எதுவானாலும், திறமையானாலும் சரி, அதிர்ஷ்டமானாலும் சரி, இரண்டும் கலந்ததானாலும் சரி, கூடாது என்கிறது. நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஒன்றரை நூற்றாண்டாக வக்கீல்களுக்குச் சோறு போட்ட கேள்வியை ஒரு வரியில் துடைத்துவிட்டார்கள். பணயம் என்பதற்குள் விளையாட்டுக்காகக் காசு கொடுத்து வாங்கிய நாணயம், வில்லை, பொருள் எல்லாவற்றையும் அடக்கியும் விட்டார்கள்.

நல்லது. என் மருமகனின் பெட்டி இதில் எங்கே நிற்கிறது?

அவன் காசு கொடுத்தான். அது நிச்சயம். அதிர்ஷ்டத்தை நம்பிக் கொடுத்தான். அதுவும் நிச்சயம். ஆனால் கிடைத்தது என்ன? துப்பாக்கிச் சட்டை. அது செல்வமா? ஜெயித்தானா, அல்லது ஒரு சாமானை வாங்கினானா? சட்டம் கொள்ளைப் பெட்டியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பணம் எதிர்பார்த்து ஆடுகிறவனை அது பார்க்கிறது; இந்தப் பையன் பணத்தை எதிர்பார்க்கவே இல்லை. நான் மாத்திரம் பெட்டிக் கடையில் பணத்தையா எதிர்பார்த்தேன்?

மற்ற தேசத்தாரும் இந்த இடத்தில் வந்துதான் தடுமாறியிருக்கிறார்கள். காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் யந்திரங்கள் ஜப்பானில் உண்டு. அதன் பெயரைக் கொண்டே அங்கே போன் விளையாட்டுப் பெட்டியைக் ‘கச்சா’ என்கிறார்கள். பல பெட்டிகளைத் திறந்து ஒரு முழு வரிசையைச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற முறையை 2012-இல் அங்கே நுகர்வோர் இலாகா தடுத்தது. அதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. வெவ்வேறு சீட்டுகளைக் குறித்த வகையில் சேர்த்தால் பரிசு என்று ஆசை காட்டக் கூடாது என்ற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தார்கள். பபுள்கம் தாளில் ரன் சேர்த்த நமக்கு அந்த விதியின் அருமை சட்டென்று விளங்கும்.

சீனா 2017-இல், எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பெல்ஜியத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் லாபம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை; எந்த வகை லாபமும் போதும். ஆகவே 2018 ஏப்ரலில் அந்நாட்டுச் சூதாட்டக் கமிஷன் மூன்று பிரசித்தமான விளையாட்டுக்களின் பெட்டிகள் சூதாட்டமே என்று அறிவித்தது. அவற்றில் ஒன்றான கால்பந்து விளையாட்டின் கம்பெனி 2019 ஜனவரியோடு அங்கே விற்பனையை நிறுத்தியது. பக்கத்து நாடான ஹாலந்து அதே கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022 மார்ச்சில் அந்நாட்டு உயர் நிர்வாகக் கோர்ட்டு, பெட்டி தனி ஆட்டமல்ல, பெரிய திறமை ஆட்டத்தின் ஓர் அங்கம் என்று சொல்லி அபராதத்தை நீக்கியது. செகந்தராபாத்தில் பார்த்த கதவு அங்கேயும் இருந்திருக்கிறது! பெல்ஜியத்திலும் சட்டம் போட்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை. 2022-இல் ஓர் ஆராய்ச்சியாளர் அங்கே அதிகம் வசூலிக்கும் 100 ஐபோன் விளையாட்டுக்களைச் சோதித்தார். 82-இல் பெட்டி இருந்தது. எங்கள் ஒற்றை எண் லாட்டரிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இத்தனையும் படித்த பிறகு என் தாயாரின் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். அது திறமையா அதிர்ஷ்டமா என்று அவள் கேட்கவில்லை. கடிகாரம் பணமா பண்டமா என்றும் கேட்கவில்லை. “மிச்சம் எத்தனை?” என்று கேட்டாள்.

அந்த அட்டை ஏமாற்று அட்டைதான். ஆனால் அதற்கு ஓர் அடி இருந்தது. 100 சீட்டு, 63 போனால் 37. கிழிக்கக் கிழிக்கக் குறையும். கடைசிச் சீட்டையும் கிழித்துவிட்டால் உண்மை வெளியே வந்தே தீர வேண்டும். போனில் உள்ள பெட்டி அப்படியல்ல. நூற்றில் ஒரு வாய்ப்பு என்று நேர்மையாகவே எழுதிப் போட்டிருந்தாலும், ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சீட்டுப் போடுகிறார்கள். 100 பிள்ளைகள் ஆளுக்கு 100 பெட்டி திறந்தால், கணக்குப்படி 36 அல்லது 37 பேர் அந்தப் பொருளைப் பார்க்காமலே எழுந்து போவார்கள். நூறு திறந்தவனுக்கும் நூற்றோராவது பெட்டியில் அதே நூற்றில் ஒன்றுதான். இத்தனை திறந்தால் நிச்சயம் என்று வரம்பு வைக்கிற விளையாட்டுக்களும் உண்டு. ஆனால் அந்த வரம்பு எட்டிய மறுநாளே வேறொரு சட்டை வந்துவிடுகிறது.

கடைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் எங்களை ஏமாற்றினார். ஆயினும் அவருக்கு முகம் இருந்தது. ஊர் கூடினால் அந்த முகம் சுருங்கியது. மறுநாளும் அதே கடையில் உட்கார்ந்து அதே ஜனங்களுக்கு வெல்லமும் சீயக்காயும் விற்றாக வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத காவல் அது. சூதாட்ட விடுதி என்று 1930-இல் எழுதினவர்கள் வீடு, கூடாரம், வண்டி, படகு என்று எண்ணியபோது, அங்கே கதவைத் தட்டிக் கேட்க ஓர் ஆள் இருப்பான் என்பதையும் சேர்த்துத்தான் நினைத்திருப்பார்கள். பிள்ளையின் சட்டைப் பைக்குள்ளே விடுதி வந்துவிட்ட காலத்தில், யார் போய் எந்தக் கதவைத் தட்டுவது? அந்த ஆளைக் காட்டிக் கொடுப்பதும், பெட்டிக்கு அடி வைக்கச் சொல்வதும், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அதைத் தொங்கவிடாதே என்பதும் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. என் தங்கையால் ஆகிற காரியமல்ல.

அன்று இரவு திண்ணையில் படுத்துக் கொண்டு இந்தப் பழைய கதையை மருமகனுக்குச் சொன்னேன். தாயாரை அவன் பார்த்ததில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

“மாமா, அம்மாச்சி செஞ்ச மாதிரி, நம்மளும் மிச்சம் இருக்குற பெட்டி பூராத்தையும் திறந்து பாத்துட்டா என்ன? எவ்வளவு ரூவா ஆகும்?”

“அதில மிச்சமே கிடையாதுடா” என்றேன்.

அவன் அதை யோசித்துக் கொண்டே படுத்திருந்தான். வீட்டுக்குள்ளே என் தங்கை விழித்துக் கொண்டுதான் இருந்தாள் என்பது அவள் இருமிய சத்தத்தில் தெரிந்தது. கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.